பத்து விநாடி டைமரும் பொண்ணு பார்க்கிற போட்டோவும்

போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. ஆக்லாந்தில் அப்போது குளிர்காலம். கணவரும் மகனும் கால்பந்து ஆட்டத்துக்குப் போயிருந்தார்கள். நான் சமையலறை மேசைமேல் கேமராவை நிறுத்தி, பத்து விநாடி டைமரைப் போட்டுவிட்டு, ஓடிப்போய் சன்னல் பக்கம் நின்றேன். க்ளிக். மறுபடியும் டைமர், மறுபடியும் ஓட்டம், மறுபடியும் க்ளிக். முப்பது படத்துக்கு மேல் எடுத்திருப்பேன்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வாரம் ஒருநாள் மாலை நேரப் புகைப்பட வகுப்பு நடக்கிறது. அங்கே மூன்றாவது வாரம் கொடுத்த வீட்டுப்பாடம் இது. “உங்களை நீங்களே படம் எடுங்கள். கையில் பிடித்து எடுக்கிற செல்ஃபி வேண்டாம். கேமராவைத் தள்ளி வையுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: யாருக்காகவும் எடுக்காதீர்கள்.” சொன்னவர் அறுபது வயது தாண்டிய ஆசிரியை. கேட்டபோது, ‘ப்பூ, இவ்வளவுதானா’ என்றிருந்தது.

ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். முப்பது படமும் ஒரே படம். எல்லாவற்றிலும் வயிற்றை எக்கியிருக்கிறேன். துப்பட்டாவை இழுத்து விட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் முகத்தின் இடது பக்கத்தைத்தான் கேமராவுக்குக் காட்டியிருக்கிறேன். வீட்டில் ஒரு ஈ காக்கா இல்லை. கேமராவுக்குப் பின்னாலும் யாரும் இல்லை. அப்படியிருக்க நான் யாருக்காக வயிற்றை எக்கினேன்? அந்தப் பத்து விநாடிக்குள் எங்கள் சமையலறைக்குள் வந்து நின்றது யார்?

திரும்பி வராத மூன்றாவது பிரதி

இடது பக்கத்துக்கு விடை உடனே கிடைத்துவிட்டது. 2003. எனக்கு 22 வயசு. பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோ. பொண்ணு பார்க்க அனுப்புகிற போட்டோ எடுக்க அம்மா கூட்டிப் போனாள். ஸ்டுடியோ அண்ணன் என் தாடையைப் பிடிக்காமல் ஸ்கேலால் திருப்பினார். “இடது பக்கந்தான் உங்களுக்கு எடுப்பு. கொஞ்சம் வெக்கமா சிரிங்க. பல்லு தெரிய வேண்டாம்.” அம்மா சேலைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டே காதுக்குள் சொன்னாள், “இடுப்பு தெரியக் கூடாது. ஆனா ஒல்லியா இருக்கது தெரியணும்.”

இந்த வாக்கியத்தை இருபது வருஷத்துக்கு மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தெரியக் கூடாது, ஆனால் தெரிய வேண்டும். பெண் உடலைப் படம் எடுப்பது பற்றி நம் ஊரில் இருக்கிற மொத்தச் சட்டமும் அதில் அடங்கிவிட்டது. அந்தப் படத்தின் வேலையே முன்பின் தெரியாத ஒருவனுக்கு என்மேல் ஆசை வர வைப்பது. எடுத்தவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆசை என்கிற சொல்லை மட்டும் யாரும் வாயால் சொல்ல மாட்டோம். “லட்சணமா இருக்கா” என்போம். அதோடு முடிந்தது.

மூன்று பிரதி போட்டார்கள். மூலையில் மஞ்சள் தடவிய உறைக்குள் ஜாதக நகலோடு தரகர் பைக்குள் போனது. ஒன்று ‘பொருத்தம் இல்லை’ என்று திரும்பி வந்தது. ஒன்று இப்போது என் கணவரின் பர்ஸில் மடிந்து கிடக்கிறது. மூன்றாவது திரும்பி வரவே இல்லை. வேறு ஊரில் ஒரு குடும்பம் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லி, போட்டோவை அனுப்ப மறந்துவிட்டது. அம்மா ஆறு மாதம் புலம்பினாள். நெகட்டிவாவது நம்மிடம் இருந்ததா என்றால் அதுவும் ஸ்டுடியோவில்தான். என் 22 வயது உடலின் படம் ஏதோ ஒரு வீட்டுப் பீரோவிலோ குப்பையிலோ இருக்கிறது. எனக்கு அதன்மேல் ஒரு பாத்தியதையும் கிடையாது.

வகுப்பில் என் முப்பது படத்தையும் காட்டி இந்தக் கதையையும் சொன்னேன். ஆசிரியை சிரித்தார். அடுத்த வாரம் ஒரு தடிமனான புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். “உங்களுக்கு முன்னாலேயே இதை யோசித்தவர் ஒருவர் இங்கே இருக்கிறார்.”

ஆக்லாந்திலிருந்து போன கேமரா

யூகி கிஹாரா. ஜப்பானிய அப்பாவுக்கும் சமோவா அம்மாவுக்கும் 1975இல் சமோவாவில் பிறந்தவர். பதின்ம வயதில் நியூசிலாந்துக்குப் படிக்க வந்தார். சமோவா மொழியில் ‘ஃபாஅஃபாஃபினே’ என்று ஒரு சொல் இருக்கிறது. பெண்ணின் விதமாக என்று பொருள். ஆணாகப் பிறந்து பெண்ணின் விதத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்தச் சமூகம் வழிவழியாக வைத்திருக்கும் பெயர். நம் திருநங்கை என்கிற சொல்லோடு அப்படியே பொருத்திவிட முடியாது, ஆனால் புரிந்துகொள்ள அது ஒரு வாசல். கிஹாரா தன்னை அந்தச் சொல்லால் அழைத்துக்கொள்கிறவர்.

2004, 2005 ஆண்டுகளில் அவர் தன்னையே வைத்து ஒரு புகைப்படத் தொடர் செய்தார். பழுப்பேறிய பழைய ஸ்டுடியோப் படம் போலவே இருக்கும். அதன் பின்கதை ஆக்லாந்தில் தொடங்குகிறது. 1855இல் இங்கே பிறந்த தாமஸ் ஆண்ட்ரூ என்கிற புகைப்படக்காரர் 1891இல் சமோவாவுக்குப் போனார். 1939இல் இறக்கும்வரை அங்கேயே இருந்து படம் எடுத்தார். அவரும் அவர் காலத்துப் புகைப்படக்காரர்களும் எடுத்த படங்களில் ஒரு வகை உண்டு: மேலாடை இல்லாத இளம்பெண், தலையில் பூ, பின்னால் வரைந்த திரை. அவை தபால் அட்டைகளாகவும் ஆல்பங்களாகவும் கப்பலேறி உலகமெல்லாம் போயின. பெரும்பாலான அட்டைகளில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்காது. ‘சமோவா அழகி’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும்.

அந்த நாளில் மிஷனரிகள் வந்து சமோவாப் பெண்களுக்குக் கழுத்து முதல் கால்வரை சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மூடச் சொன்ன அதே நாகரிகம், திங்கட்கிழமை ஸ்டுடியோவில் கழற்றச் சொன்னது. தெரியக் கூடாது, ஆனால் தெரிய வேண்டும். பாளையங்கோட்டைக்கும் அப்பியாவுக்கும் எவ்வளவு தூரம்? அம்மாவின் வாக்கியம் அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கிஹாரா அந்தப் படங்களின் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மூன்று படங்கள் கொண்ட வரிசை அது. முதல் படத்தில் அவர் ஓலைப் பாவாடையோடு, மார்பு திறந்து, விக்டோரியா காலத்துச் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். நேராக நம்மைப் பார்க்கிறார். பழைய தபால் அட்டை அழகியேதான். இரண்டாவது படத்தில் பாவாடை இல்லை. அதே சாய்வு, அதே பார்வை. மூன்றாவது படத்தில் ஆணாகப் பிறந்த உடலின் அடையாளமும் தெரிகிறது. சாய்வு மாறவில்லை. பார்வையும் மாறவில்லை. மாறியது பார்க்கிற ஆள் மட்டும்.

புத்தகத்தை விரித்தபோது வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவர் மூன்றாவது படத்தில் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டார். நானும்தான். அப்புறம் யோசித்தேன். முதல் படத்தில் ஏன் எடுக்கவில்லை? அங்கேயும் ஒரு மனுஷியின் உடல்தானே திறந்து கிடந்தது? ‘ஓ, அந்த மாதிரிப் படம்’ என்று பழக்கப்பட்ட கண்ணோடு, எந்தக் கூச்சமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேனே? கூச்சப்பட வேண்டிய இடத்தில் கூச்சப்படாமல் இருந்திருக்கிறேன் என்று அந்தப் படம் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டியது.

1989இல் நியூயார்க்கில் கெரில்லா கேர்ள்ஸ் என்கிற பெண் கலைஞர் குழு, மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைக் கேள்வி கேட்டு ஒரு சுவரொட்டி அடித்தது. அங்கே நவீனக் கலைப் பகுதியில் கலைஞர்களில் பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு; நிர்வாண ஓவியங்களில் இருப்பவர்களில் 85 சதவீதம் பெண்கள். உள்ளே போக வேண்டுமானால் பெண் துணியைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. 2008இல் அதே அருங்காட்சியகத்தில் கிஹாராவுக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. அவரும் துணி இல்லாமல்தான் உள்ளே போனார். ஆனால் படத்தின் கீழே கலைஞர் என்கிற இடத்தில் அவர் பெயர் இருந்தது. தபால் அட்டைப் பெண்ணுக்குக் கிடைக்காதது அது.

கோகன் கப்பலுக்குக் காத்திருந்த நாட்கள்

நியூயார்க் போன அந்தச் சமயத்தில்தான் கிஹாரா பிரெஞ்சு ஓவியர் பால் கோகனின் தாஹிதி ஓவியங்களை நேரில் பார்த்திருக்கிறார். பசிபிக் தீவுப் பெண் என்றால் வெற்று மார்பும் பூவும் பழமும் என்று உலகத்தின் கண்ணில் ஒட்டவைத்ததில் கோகனுக்குப் பெரும் பங்கு உண்டு. பதின்ம வயதின் தொடக்கத்தில் இருந்த சிறுமியை மனைவி என்று வைத்துக்கொண்டு வரைந்தவர் அவர். அவருக்கும் ஆக்லாந்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1895 ஆகஸ்டில் தாஹிதிக்குப் போகும் வழியில், அடுத்த கப்பலுக்காகப் பத்து நாள் போல இங்கே தங்கினார். அருங்காட்சியகத்தில் மாவோரி மரச் சிற்பங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்.

2022 வெனிஸ் பினாலேயில் நியூசிலாந்தின் பிரதிநிதியாகப் போனவர் கிஹாரா. அந்த இடத்துக்குப் போன முதல் பசிபிக் கலைஞர், முதல் ஆசிய வம்சாவளிக் கலைஞர், முதல் ஃபாஅஃபாஃபினே. அங்கே அவர் வைத்தவை கோகன் ஓவியங்களை சமோவாவில், ஃபாஅஃபாஃபினே மக்களைக் கொண்டே மறுபடி நடித்து எடுத்த 12 படங்கள். அதையொட்டி இன்னொரு சுயபடமும் உண்டு. ஒப்பனையால் முகத்தையே மாற்றி, மீசை வைத்து, தொப்பி போட்டு, கிஹாரா கோகனாகவே உட்கார்ந்திருக்கிறார். பார்க்கப்படுகிற உடலாக முதலில் வந்தவர், பதினைந்து வருஷம் கழித்துப் பார்த்தவனின் உடலையே எடுத்து மாட்டிக்கொண்டார்.

இதைப் பார்த்ததும் எனக்கு நம் அம்ரிதா ஷெர்கில் ஞாபகம் வந்தது. அது புகைப்படம் இல்லை, ஓவியம். ஆனால் இந்தக் குடும்பத்தில் அதற்கும் ஒரு நாற்காலி உண்டு. 1934இல், 21 வயதில், பாரீசில் இருந்தபோது அம்ரிதா தன்னையே ஒரு தாஹிதிப் பெண்ணாக, மேலாடை இல்லாமல் வரைந்தார். பஞ்சாபி அப்பா, ஹங்கேரி அம்மா. தாஹிதியைக் கண்ணால் கண்டதில்லை. பாரீசில் அவரைப் பார்த்தவர்களுக்கு எந்தக் கறுத்த பெண்ணும் கோகனின் பெண்தான் என்கிறபோது, ‘சரி, அவளாகவே இருக்கிறேன், ஆனால் நானே வரைகிறேன்’ என்று அவர் சொல்வதாக நான் புரிந்துகொள்கிறேன். அந்த ஓவியத்தில் அவர் நம்மைப் பார்க்கவில்லை. வேறெங்கோ பார்க்கிறார். பின்னால் சுவரில் ஓர் ஆணின் நிழல் விழுந்திருக்கிறது. எங்கள் சமையலறையில் பத்து விநாடிக்குள் வந்து நின்ற ஆளும் அவர்தானோ!

அலமேலு இல்லை, புஷ்பமாலா

பசிபிக் கடலிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் எப்படி, நம்ம ஊருக்கு வருவோம். 2000 முதல் 2004 வரை பெங்களூருவைச் சேர்ந்த புஷ்பமாலா என்கிற கலைஞர், புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து ஒரு பெரிய தொடர் செய்தார். ‘தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்: பழக்க வழக்கங்கள்’ என்று தலைப்பு. வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிய இனவரைவியல் புத்தகத்தின் தலைப்பு மாதிரியே இருக்கும். வேண்டுமென்றுதான் அப்படி வைத்தார்.

அந்தத் தொடரில் புஷ்பமாலா ரவிவர்மாவின் லட்சுமியாகத் தாமரைமேல் நிற்கிறார். நிலா வெளிச்சத்தில் காத்திருக்கும் நாயகியாக உட்கார்ந்திருக்கிறார். பத்திரிகையில் வந்த குற்றவாளிப் பெண்ணின் படமாக நிற்கிறார். கையில் சவுக்கு பிடித்த தமிழ்ப்பட நாயகியின் ஸ்டில்லாகவும் வருகிறார். ஒரு படத்தில் தோடர் பெண்ணாக, கட்டம் போட்ட திரைக்கு முன்னால், உடலை அங்குலம் அங்குலமாக அளக்கக் கொடுத்து நிற்கிறார். காலனிய அதிகாரிகள் ‘பூர்வகுடி’ உடல்களை அளந்து படம் எடுத்த முறை அது.

இத்தனையையும் ஒரே பெண் செய்கிறபோது ஒரு விஷயம் புலப்படுகிறது. காலண்டர் லட்சுமி, சினிமா நாயகி, அளவெடுக்கப்பட்ட பழங்குடிப் பெண் என்று நாம் தனித்தனி அலமாரியில் வைத்திருப்பவை எல்லாம் ஒரே மாதிரி எடுத்த படங்கள். எங்கே நிற்க வேண்டும், எதை மூட வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று வேறு யாரோ முடிவு செய்தவை. இந்த வரிசையில் என் பொண்ணு பார்க்கிற போட்டோவையும் தாராளமாக ஒட்டலாம். ஸ்கேல் கூட இருக்கிறது பாருங்கள்!

“அந்த அம்மா தானே பட்டனை அமுக்கினாரா?” என்று என் கணவர் கேட்டார். நல்ல கேள்விதான். இல்லை. கிஹாராவுக்கும் வேறொருவர்தான் கேமராவை இயக்கினார். சுயபடம் என்பதற்குப் பட்டன் முக்கியமில்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. எந்தப் படம் இருக்க வேண்டும், எது வேண்டாம், எங்கே மாட்ட வேண்டும், நெகட்டிவ் யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்? அதுதான் விஷயம்.

ஆசைப்படுகிற உடல்

இதுவரை சொன்னதெல்லாம் ஆசைப்படப்பட்ட உடல் பற்றி. அந்த உடலும் ஆசைப்படுமே, அதன் படம் எங்கே?

தமிழில் இதற்குச் சொல்லில் பஞ்சமில்லை. அகப்பாட்டின் தலைவி, வளை கழன்றதை, தோள் மெலிந்ததை, பசலை படர்ந்ததைத் தானே சொல்கிறாள். ஆசை அவள் உடம்பில்தான் எழுதப்படுகிறது, அதை வாசித்துச் சொல்கிறவளும் அவள்தான். அவற்றில் பலவற்றை ஆண் புலவர்கள் எழுதினார்கள் என்பது உண்மை. ஆனால் வெள்ளிவீதியார் இருக்கிறார், ஔவையார் இருக்கிறார், அப்புறம் ஆண்டாள் இருக்கிறாள். இப்படிப்பட்ட மொழியில்தான் குட்டி ரேவதி 2002இல் தன் கவிதைத் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயர் வைத்ததற்கு அத்தனை வசவு விழுந்தது. சல்மா, சுகிர்தராணி, மாலதி மைத்ரி என்று உடலை எழுதிய எல்லோருக்கும் மண்டகப்படி நடந்தது.

சொல்லுக்கே இந்தக் கதி என்றால் படத்துக்குக் கேட்கவா வேண்டும். புகைப்படம் நம் ஊருக்கு வந்தபோது தலைவியின் குரலை விட்டுவிட்டு வந்தது. பார்க்கிற ஆண், பார்க்கப்படுகிற பெண் என்று ஒரே ஒரு வழிதான் அதற்குத் தெரிந்திருந்தது.

ஆக்லாந்தில் 1948இல் பிறந்த அலெக்சிஸ் ஹண்டர் அந்த வழியைத் திருப்பிப் போட்டவர். இங்கே ஈலம் கலைப் பள்ளியில் படித்து, 1972இல் லண்டனுக்குப் போனார். அவருடைய 1977ஆம் ஆண்டுப் புகைப்பட வரிசை ஒன்றில் ஒரு பெண்ணின் கை, கட்டுமஸ்தான ஓர் ஆண் உடலின் படத்தின்மேல் கறுப்பு மையைப் பூசிக்கொண்டே போகிறது. தடவுகிறதா, அழிக்கிறதா? இரண்டும்தான். 1978இல் தொடங்கிய இன்னொரு வரிசையில், மார்க்ஸ் படத்தை ஒரு பெண்ணின் கை துணியால் துடைக்கிறது. மார்க்சியரின் மனைவியும் வீட்டு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறாள் என்பது தலைப்பின் சாரம். தோழர்கள் மன்னிக்க வேண்டும், நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆண்களுக்குத்தானே தீனி?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதைத் தட்டிக் கழிக்க முடியாது. பெண் தானே எடுத்தாலும் படம் வெளியே போனபின் பார்க்கிறவன் பார்க்கிற மாதிரிதான் பார்க்கப் போகிறான். விடுதலை என்று பெயர் வைத்து ஆண்களுக்குத் தீனி போடுகிற வேலைதானே இது? இன்ஸ்டாகிராமில் நடப்பதும் அதுதானே? ஒரு நடிகை தன் படத்தைத் தானே போட்டால் அடுத்த அரை மணியில் ‘இணையத்தைச் சூடாக்கிய கவர்ச்சிப் படங்கள்’ என்று கேலரி வருகிறது. அவர் எடுத்த முடிவு அந்தத் தலைப்பில் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியைப் பெண்ணியவாதிகளே கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கலைஞர் ஹன்னா வில்கே 1970களில் தன் அழகான உடலைத் திறந்து காட்டிப் படம் எடுத்துக்கொண்டார். விமர்சகர் லூசி லிப்பார்ட் 1976இல் அதைச் சந்தேகத்தோடு பார்த்தார். அழகி என்கிற பாத்திரமும் கலைஞர் என்கிற பாத்திரமும் இதில் குழம்புகின்றன என்பது அவர் வாதம். அழகாக இருப்பதால்தானே காட்டுகிறாய் என்று பலரும் கேட்டார்கள்.

1987இல் வில்கேவுக்கு ரத்த நிணநீர்ப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. கணவரின் உதவியோடு, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிய வண்ணப் படங்கள். தலைமுடி கொட்டிவிட்டது. உடல் வீங்கியிருக்கிறது. இடுப்பின் இரண்டு பக்கமும் மருத்துவமனைக் கட்டு. ஆனால் நிற்கிற விதம் அதே பழைய அழகியின் விதம். ஒன்றில் தலையில் பூச்சாடியோடு நிற்கிறார். ஒன்றில் நீலப் போர்வையை மாதா மாதிரி போர்த்தியிருக்கிறார். 1993இல் இறந்தார். படங்கள் அடுத்த வருஷம் காட்சிக்கு வந்தன. ஆண்களுக்காகத்தான் காட்டினாள் என்றால், அந்த ஆண்கள் கண்ணைத் திருப்பிக்கொள்கிற உடலை எதற்காகக் காட்டினாள்? இது என் உடம்பு, இதைப் பார்க்க எனக்கு ஆசை இருக்கிறது என்று அந்தப் பெண் இருபது வருஷமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

பார்வையாளரின் பார்வையை எந்தப் பெண்ணாலும் பூட்டி வைக்க முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காகப் படமே வேண்டாம் என்றால், பெண்ணுக்கு மிஞ்சுவது தரகர் பையில் இருக்கிற படம் மட்டும்தான்.

டிபியை மாத்து

பயம் பொய்யில்லை. 2019இல் வெளிவந்த பொள்ளாச்சி வழக்கை நாம் மறக்கவில்லை. பெண்களை வன்கொடுமை செய்து, வீடியோ எடுத்து, அதைக் காட்டியே மிரட்டினார்கள். ஒன்பது பேருக்கும் 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்த வீடியோ ஏன் ஆயுதமானது என்று பாருங்கள். வெளியே வந்தால் மானம் போவது எடுத்தவனுக்கு இல்லை, அதில் இருக்கிற பெண்ணுக்கு என்று ஊரே நம்புவதால்தான். அந்த நம்பிக்கையை நாமெல்லாம் சேர்ந்துதான் அவன் கையில் கொடுத்தோம்.

நியூசிலாந்தில் 2015இல் தீங்கு விளைவிக்கும் டிஜிட்டல் தகவல்தொடர்புச் சட்டம் வந்தது. ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் போடுவதே குற்றம் என்று 2022இல் அதைத் திருத்தினார்கள். இரண்டு வருஷம்வரை சிறை. படம் எப்படிப்பட்டது என்பதைவிடச் சம்மதம் இருந்ததா என்பதைத்தான் சட்டம் கேட்கிறது. சட்டம் கேட்கிற இந்தக் கேள்வியை ஆக்லாந்திலேயே வாழ்கிற நம் வீடுகள் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. இங்கே எனக்குத் தெரிந்த ஒரு இளம்பெண், பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குப் போகிறவள், கடற்கரையில் தான் எடுத்த சுயபடம் ஒன்றை வாட்ஸ்அப் டிபியாக வைத்தாள். கை இல்லாத சட்டை, ஈரத் தலை, அவ்வளவுதான். ஒரே நாளில் மூன்று நாடுகளிலிருந்து மூன்று அத்தைகள், “முதல்ல டிபியை மாத்து.” மாற்றிவிட்டாள். இப்போது அங்கே ஒரு சூரியகாந்திப் பூ இருக்கிறது. அதே வருஷம் அவளுக்கு வரன் பார்க்க ‘நல்லதா நாலு போட்டோ’ கேட்டவர்களும் அதே அத்தைகள்தான்.

வலது பக்கம்

வீட்டுப்பாடத்தை மறுபடி செய்தேன். இந்த முறை மாலை நாலு மணிக்கு. இங்கே வெயில் வடக்குப் பக்கமாகத்தான் வரும், குளிர்காலத்தில் தாழ்ந்து வந்து வடக்குச் சன்னல் வழியாகச் சமையலறைத் தரைவரைக்கும் விழும். நான் போட்டிருந்தது பழைய நைட்டி. தலையில் சாயம் இல்லை. டைமர் ஓடுகிறபோது, வேண்டுமென்றே மூச்சை வெளியே விட்டேன். வயிறு தன் இடத்துக்கு வந்தது. மகன் பிறந்தபோது போட்ட தையல் அந்த வயிற்றில்தான் இருக்கிறது. முகத்தை வலது பக்கம் திருப்பினேன். இருபத்திரண்டு வருஷமாக யாருக்கும் காட்டாத பக்கம்.

ஏழாவது படம் சரியாக வந்தது. அதைப் பார்த்தபோது எனக்குள் வந்த உணர்ச்சிக்கு அழகு என்று பெயர் வைக்க மாட்டேன். இந்தப் பெண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும்போல ஆசையாக இருந்தது. ஆமாம், ஆசை. அந்தச் சொல்லை இப்போது எழுதிவிட்டேன்.

இரண்டு பிரதி போட்டேன். ஒன்று என் மேசை டிராயரில். ஒன்றை அம்மாவுக்குத் தபாலில் அனுப்பினேன். பத்து நாள் கழித்து வீடியோ காலில் வந்தாள். கையில் படம்.

“ஏட்டி, நைட்டியோடவா போட்டோ எடுப்பாவ? யாரு எடுத்தா, மாப்பிள்ளையா?”

“நான்தாம்மா எடுத்தேன்.”

“நீயேவா?” கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

“வலது பக்கமும் நல்லாத்தான இருக்கு. அந்த ஸ்டுடியோக்காரன் என்னத்தக் கண்டான்.”

நெகட்டிவ் எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், என்னிடம்தான் இருக்கிறது என்று.